பழக்கத்தின் மேல் போட்ட பழி

(பொது சுகாதார மாணவர்களும் ஊர்மக்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சிறுபான்மை இன மக்களிடம் ஆரோக்கிய வாழ்வைப் பற்றிப் பேசப் போகும்போது அவர்களுடைய பண்பாட்டை எந்த இடத்தில் வைத்துப் பார்ப்பது என்பதைச் சொல்லும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஊர் ஊராகச் சுற்றினால் பொழுது போதாது. ஓர் ஆற்றங்கரையில் உட்கார்ந்துகொள்வோம். அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகருக்குத் தெற்கே ஓடிய கிலா ஆறு. ஓடிய என்று ஏன் இறந்த காலத்தில் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும். அதன் கரையில் வாழ்கிறவர்களை வெளியுலகம் பிமா இந்தியர்கள் என்று அழைத்தது. தங்களை அவர்கள் அகிமெல் ஓ'ஓதாம் என்று சொல்லிக்கொள்கிறார்கள், அதாவது ஆற்று மக்கள்.

1998இல் இவர்களைப் பற்றி ஒரு சிறிய ஆய்வு வெளிவந்தது. அதை முன்நின்று நடத்தியவர் வெங்கட் நாராயண், நம் நாட்டிலிருந்து போன மருத்துவர். பிற்பாடு சென்னையில் நடந்த நீரிழிவுத் தடுப்பு ஆய்வொன்றிலும் பங்கெடுத்தவர். சர்க்கரை நோய் இன்னும் வராத 95 பிமா மக்களைச் சேர்த்து, சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்குப் 'பிமா ஆக்‌ஷன்' என்று பெயர். எதைச் சாப்பிட வேண்டும், எவ்வளவு நடக்க வேண்டும் என்று ஒழுங்காகத் திட்டம் போட்டுக் கொடுத்து, முறையாகக் கூட்டம் நடத்தி, நாம் எல்லாரும் பாடப்புத்தகத்தில் படிக்கிறோமே, அந்த முறையில் நடத்தினார்கள். இரண்டாவது குழுவுக்குப் 'பிமா பிரைட்', அதாவது பிமாப் பெருமை, என்று பெயர். இவர்களுக்கு அப்படிக் கண்டிப்பான திட்டம் கிடையாது. கூடினார்கள். தங்கள் வரலாற்றையும் பண்பாட்டையும் பற்றிப் பேசினார்கள், பேசக் கேட்டார்கள். அவ்வளவுதான்.

பந்தயம் கட்டச் சொல்லியிருந்தால் நான் முதல் குழுவின் மேல்தான் கட்டியிருப்பேன். 12 மாதம் கழித்து எடை பார்த்தபோது இரண்டு குழுவுமே எடை கூடியிருந்தது. ஆனால் திட்டம் போட்டுக் கொடுத்த குழு 2.5 கிலோ கூடியிருந்தது, பெருமை பேசிய குழு 0.8 கிலோ. இன்னொன்றையும் பாருங்கள். குளுக்கோஸ் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் இரத்தச் சர்க்கரை, முதல் குழுவுக்கு டெசிலிட்டருக்குச் சுமார் 24 மில்லிகிராம் ஏறியிருந்தது. இரண்டாவது குழுவுக்கு ஏறவில்லை என்றே சொல்லலாம். இரத்த அழுத்தமும் முதல் குழுவுக்கே கூடுதலாக ஏறியிருந்தது.

இதை வைத்துக்கொண்டு நாளைக்கே ஒருவர் சர்க்கரை நோயாளிகளுக்கு வரலாற்று வகுப்பு ஆரம்பித்துவிடக் கூடாது. 95 பேர், ஒரு வருடம், ஒரே ஊர். ஆராய்ச்சி செய்தவர்களே இதை முன்னோட்டம் என்றுதான் அழைத்தார்கள். என்றாலும் இந்தச் சின்ன ஆய்வு என்னை விடவில்லை. நல்லதைச் சொல்லிக் கொடுத்த இடத்தில் ஏன் எடுபடவில்லை? அதற்குப் பதில் தேடினால் மருத்துவத்தை விட்டுவிட்டு ஆற்றுக்குப் போக வேண்டியிருக்கிறது.

பிமா மக்களின் முன்னோர் அந்தப் பாலைவனத்தில் நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்குக் கால்வாய் வெட்டிப் பாசனம் செய்தவர்கள். மக்காச்சோளம், பூசணி, பயறு, பருத்தி விளைவித்தார்கள். ஸ்பானியர் வந்த பிறகு கோதுமையும் சேர்ந்தது. 1849இலும் அதை ஒட்டிய ஆண்டுகளிலும் கலிஃபோர்னியாவுக்குத் தங்கம் தேடிப் போன கூட்டம் இவர்கள் ஊர் வழியாகத்தான் போனது. பசியோடு வந்தவர்களுக்குச் சோறு போட்டு, குதிரைக்குத் தீனி கொடுத்து, வழி காட்டி அனுப்பியது இந்த மக்கள். 1859இல் அரசாங்கம் இவர்களுக்கென்று நிலத்தை எல்லை போட்டு ஒதுக்கியது. ஆற்றை ஒதுக்கவில்லை. அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் மேற்கே குடியேறிய வெள்ளையர் ஆற்றின் மேல்பகுதியிலேயே தண்ணீரைத் திருப்பிக்கொண்டார்கள். 19ஆம் நூற்றாண்டு முடியும்போது கிலா ஆறு இவர்கள் ஊரில் மணல்தான். ஊருக்கே சோறு போட்டவர்கள் பட்டினி கிடந்தார்கள். கருவேலத்துக்கு ஒப்பான மெஸ்கீட் மரங்களை வெட்டி விறகாக விற்று வயிறு கழுவினார்கள். இந்த மெஸ்கீட் நம் ஊர்ச் சீமைக் கருவேலத்துக்கு நெருங்கிய உறவு. நாம் வெட்டி ஒழிக்க வழக்குப் போடுகிறோம், அவர்கள் அதன் நெற்றை இடித்து மாவாக்கி உண்டவர்கள். உண்ண வேண்டிய மரத்தை விறகாக விற்க வேண்டி வந்ததென்றால் நிலைமையை யோசித்துக்கொள்ளுங்கள்.

1930இல் கூலிட்ஜ் அணை திறக்கப்பட்டது. இந்த மக்களுக்குத் தண்ணீர் தருவதற்காகத்தான் என்று சொல்லிக் கட்டினார்கள். சொன்ன அளவு வரவில்லை. தண்ணீருக்குப் பதிலாக அரசாங்கத்திடமிருந்து வந்தது உணவுப் பொட்டலம். மைதா, வெள்ளைச் சர்க்கரை, பன்றிக் கொழுப்பு, டப்பாவில் அடைத்த இறைச்சி.

1930களின் கடைசியில் அமெரிக்காவின் பெரிய நீரிழிவு நிபுணரான ஜாஸ்லின் அரிசோனாப் பழங்குடிகளைப் பார்த்துவிட்டு, மற்ற அமெரிக்கர்களிடம் இருக்கும் அளவில்தான் இவர்களிடமும் இந்த நோய் இருக்கிறது என்று எழுதினார். ஒரு தலைமுறை கழிந்தது. 1965இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆராய்ச்சிக்காரர்கள் அதே கிலா ஆற்றுக் குடியிருப்பில் ஆய்வைத் தொடங்கியபோது, 35 வயது தாண்டியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குச் சர்க்கரை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த ஆய்வு நடந்தது. இங்கே சபையில் சர்க்கரைப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் பலர் இருப்பீர்கள். குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 200 மில்லிகிராமைத் தொட்டால் சர்க்கரை நோய் என்று உங்கள் ஆய்வகச் சீட்டில் போட்டிருக்கிறதே, அந்த 200 என்கிற எல்லைக்கோட்டை வரைவதற்கு ஆதாரமாக நின்ற கணக்குகளில் முக்கியமானது இந்தப் பிமா மக்களின் இரத்தம். உலகத்துக்கே அளவுகோல் கொடுத்தார்கள். பதிலுக்கு உலகம் அவர்களுக்கு ஒரு பட்டம் கொடுத்தது: 'சர்க்கரை நோய் மிக அதிகமாக உள்ள இனம்.'

இதற்குக் காரணம் சொல்ல ஆளாளுக்கு வந்தார்கள். 1962இல் ஜேம்ஸ் நீல் என்ற மரபியல் அறிஞர் 'சிக்கன மரபணு' என்று ஒரு கருத்தை முன்வைத்தார். பஞ்சத்துக்குப் பழகிய உடம்பு கிடைத்ததைக் கொழுப்பாகச் சேர்த்துவைக்கும், சோறு பெருகினால் அதுவே வினையாகும் என்பது அதன் சாரம். பிமா மக்களுக்கு அதைப் பொருத்தினார்கள். உடம்பில் இருக்கிறது குறை என்று ஒரு சாரார். பழக்கத்தில் இருக்கிறது குறை என்று மறு சாரார்: கொழுப்பில் பொரித்துத் தின்கிறார்கள், உட்கார்ந்தே இருக்கிறார்கள், மருத்துவர் சொல் கேட்பதில்லை. இரண்டு சாராருக்கும் சேர்த்துப் பதில் சொன்னது எல்லைக்கு அப்பால் இருந்த ஒரு மலைக் கிராமம். மெக்சிகோவின் சொனோரா மாநிலத்தில் மைகோபா என்ற ஊரில் இன்னொரு பிமாக் கூட்டம் வாழ்கிறது. ஒரே வேர். அங்கே அவர்கள் மலையில் மக்காச்சோளமும் பயறும் உருளைக்கிழங்கும் பயிரிட்டு, உடம்பு நோக உழைத்துச் சாப்பிடுகிறார்கள். 1995இல் போய் அளந்தார்கள், முடிவு 2006இல் வந்தது. மைகோபா பிமாக்களில் சர்க்கரை நோய் 6.9 சதவீதம். அரிசோனாப் பிமாக்களில் 38 சதவீதம். மைகோபாவில் அவர்களோடு வாழும் மற்ற மெக்சிகோ மக்களில் 2.6 சதவீதம். உடம்பின் வாகு கொஞ்சம் இருக்கிறது, இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் 6.9க்கும் 38க்கும் நடுவில் இருப்பது ஆறு.

பழக்கம் என்று சொன்னேன். அந்தப் பழக்கத்தை ஒரு தட்டில் எடுத்துக் காட்டுகிறேன். ஃப்ரை பிரெட் என்று ஒரு பண்டம். மைதா, பேக்கிங் பவுடர், உப்பு, தண்ணீர். பிசைந்து, கொஞ்ச நேரம் மூடிவைத்து, உருண்டை பிடித்து, உள்ளங்கைக்கும் உள்ளங்கைக்கும் மாற்றி மாற்றித் தட்டி விரிப்பார்கள். சுடச்சுடக் கொழுப்பில் போட்டால் நம் ஊர்ப் பட்டூராபோல உப்பி வரும். அதன் மேல் தேனோ சர்க்கரையோ, அல்லது பயறும் இறைச்சியும். திருவிழா, கல்யாணம், துக்க வீடு, கூத்து, எதுவானாலும் அது இல்லாமல் நடக்காது. அமெரிக்கப் பழங்குடிகளின் பாரம்பரிய உணவு என்று சுற்றுலாக்காரர்கள் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். இதன் பிறப்பை 1864க்குக் கொண்டுபோகிறார்கள். நவஹோ மக்களை அமெரிக்க இராணுவம் சொந்த மண்ணிலிருந்து துரத்தி, நூற்றுக்கணக்கான மைல் நடக்கவைத்து, நியூ மெக்சிகோவில் ஓரிடத்தில் அடைத்துவைத்த காலம் அது. அங்கே கையில் கொடுத்தது மாவும் கொழுப்பும். அதை வைத்துக்கொண்டு பிள்ளைகள் வாயில் எதையாவது போட வேண்டுமே என்று பெண்கள் கண்டுபிடித்தது இது.

2005இல் சூசன் ஷோன் ஹார்ஜோ என்ற பழங்குடிச் செயற்பாட்டாளர் இந்தப் பண்டத்தை இனித் தின்ன மாட்டேன் என்று எழுதினார். பெரும் சண்டை வந்தது. அதே ஆண்டில்தான் தெற்கு டகோட்டா மாநிலம் அதைத் தன் மாநில ரொட்டியாக அறிவித்தது. நீங்கள் ஒரு சுகாதாரப் பணியாளராக அந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று வையுங்கள். இது நஞ்சு என்று சொன்னால், பட்டினியிலிருந்து குடும்பத்தைக் காப்பாற்றிய பாட்டியின் கையை நஞ்சு என்கிறீர்கள். இது உங்கள் பாரம்பரியம், மரியாதையாக விட்டுவிடுகிறேன் என்றால், இராணுவ முகாமின் உணவுப்படியைப் பாரம்பரியம் என்கிறீர்கள். ஊர்க்காரர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் தெரிந்துவைத்திருக்கிறார்கள். அழுதுகொண்டு நினைக்கவும் செய்கிறார்கள், சிரித்துக்கொண்டு தின்னவும் செய்கிறார்கள். வெளியிலிருந்து வருகிறவருக்குத்தான் அது பாரம்பரியமா கெட்ட பழக்கமா என்று ஏதாவது ஒரு பெட்டியில் போட்டாக வேண்டிய அவசரம்.

இப்போது அந்த 95 பேரிடம் திரும்பி வருகிறேன். இனி நான் சொல்வது ஆய்வில் எழுதியிருப்பதல்ல, என் வாசிப்பு. மூன்று தலைமுறையாக என்ன சாப்பிட வேண்டும் என்று அரசாங்கம் பட்டியல் போட்டுக் கொடுத்த ஊர் அது. மாவு இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு என்று அதிகாரி அளந்தார். பிறகு வெள்ளைக் கோட்டுப் போட்டவர் வந்து இன்னொரு பட்டியலை நீட்டுகிறார். கொழுப்பைக் குறை, மாவைக் குறை என்கிறார். இந்தப் பட்டியல் நல்லது, அந்தப் பட்டியல் கெட்டது என்பது நமக்குத் தெரியும். வாங்குகிறவர் கைக்கு இரண்டும் ஒரே கதவு வழியாக வருகிறது. மற்ற குழுவில் இருந்தவர்களோ, நாம் யார், எதை விளைவித்தோம், எதை இழந்தோம் என்று பேசிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அடுப்படியில் என்ன செய்வது என்பதை அவர்களே முடிவு செய்துகொண்டார்கள்.

கென் ரெஸ்னிகோ என்ற அறிஞரும் அவருடைய தோழர்களும் 1999இல் இந்தத் துறையில் பயனுள்ள ஒரு வேறுபாட்டைக் கொண்டுவந்தார்கள். பண்பாட்டுக்கு ஏற்ற சுகாதாரப் பிரச்சாரத்தில் மேல்மட்டம் என்று ஒன்று, ஆழ்மட்டம் என்று ஒன்று. அந்த மக்களின் முகம், உடை, மொழி, இசையைச் சுவரொட்டியில் போடுவது மேல்மட்டம். நோய் எதனால் வருகிறது என்று அவர்கள் நினைக்கிறார்கள், வீட்டில் யார் சொல் செல்லும், எது மானம், எது அவமானம் என்பதையெல்லாம் அறிந்து திட்டத்தையே அதன் மேல் கட்டுவது ஆழ்மட்டம். முதலாவது பார்வையில் படும், இரண்டாவது பலன் தரும். நம்மிடம் இருப்பதில் முக்கால்வாசி முதல் வகை. கோலமும் குத்துவிளக்கும் போட்டு நடுவில் 'இனிப்பைத் தவிர்ப்பீர்' என்று அச்சடித்த துண்டறிக்கைகளை எத்தனை பார்த்திருக்கிறேன்! வீட்டுக்கு வந்தவருக்குக் காப்பியில் சர்க்கரை குறைத்துக் கொடுத்தால் அது கருமித்தனம் ஆகிவிடுகிற ஊரில், குத்துவிளக்கு என்ன செய்யும்?

ஆழ்மட்டத்துக்கு லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. கறுப்பின ஆண்களிடம் இரத்தக் கொதிப்பு அதிகம், அவர்கள் மருத்துவமனைப் பக்கம் வருவதோ குறைவு. ஏன் வர வேண்டும், அந்த நாட்டு மருத்துவம் அவர்களை நடத்திய வரலாறு அப்படி. ஆனால் மாதம் தவறாமல் முடிதிருத்தும் கடைக்குப் போகிறார்கள். அதே கடை, அதே நாற்காலி, வருடக்கணக்கில் தெரிந்த அதே கை. ரொனால்ட் விக்டர் என்ற மருத்துவர் 52 கடைகளில் 319 பேரைச் சேர்த்தார். ஏறக்குறையப் பாதிக் கடைகளில் முடிதிருத்துபவர் அறிவுரை சொல்லி, மருத்துவரிடம் போங்கள் என்று அனுப்பினார். மீதிக் கடைகளில் மருந்தாளுநரே கடைக்கு வந்து, அங்கேயே மருந்து எழுதிக் கொடுத்தார். ஆறு மாதத்தில் முதல் வகையில் மேல் அழுத்தம் 9.3 புள்ளி இறங்கியது, இரண்டாவதில் 27 புள்ளி. 2018இல் வந்த முடிவு. இங்கே அறிவுரை எதுவும் புதிதில்லை, மருந்தும் பழைய மருந்துதான். இடமும் ஆளும் மாறின. மருந்து எழுதும் அதிகாரத்தையும் அந்த இடத்துக்குக் கொண்டுவந்தார்கள் என்பதை மறக்க வேண்டாம். அதைச் செய்யாமல் முடிதிருத்துபவரை அறிவுரை சொல்ல மட்டும் வைத்தால் கிடைப்பது அந்த 9.3தான்.

நம்பிக்கை என்று ஒரு சொல்லை எல்லாத் திட்ட அறிக்கையிலும் எழுதுகிறோம். அது எப்படிப் போகும் என்பதற்கும் அரிசோனாவிலேயே சாட்சி உண்டு. கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் அடியில் ஹவசுபாய் என்று ஒரு சிறு பழங்குடி. 1990களின் தொடக்கத்தில், சர்க்கரை நோய்க்கு விடை தேடுகிறோம் என்று சொல்லி அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவர்களிடம் இரத்தம் எடுத்தார்கள். அதே இரத்தத்தை மனநோய் ஆய்வுக்கும், நெருங்கிய உறவுக்குள் மணப்பதைப் பற்றிய ஆய்வுக்கும், உங்கள் முன்னோர் எங்கிருந்தோ இங்கே குடியேறியவர்கள் என்று நிறுவும் ஆய்வுக்கும் பயன்படுத்தினார்கள். அந்த மக்களின் நம்பிக்கைப்படி அவர்கள் அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள். வழக்குப் போனது. 2010இல் 7,00,000 டாலர் கொடுத்து, மிச்சமிருந்த இரத்த மாதிரிகளையும் திருப்பிக் கொடுத்துச் சமாதானம் செய்தார்கள். அதற்குப் பிறகு சர்க்கரைப் பரிசோதனை முகாம் என்று அந்த ஊருக்கு ஒருவர் ஊசியோடு போனால், கதவு திறக்காததைப் 'படிப்பறிவின்மை' என்று எழுதலாமா?

இதன் எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நான் ஒருதலைப்பட்சமாகப் பேசியதாகும். மேற்கு ஆஸ்திரேலியாவில் டெர்பி அருகே வாழ்ந்த, சர்க்கரை நோய் உள்ள 10 பூர்வகுடிகளை, 1980களின் தொடக்கத்தில் கெரின் ஓ'டே என்ற விஞ்ஞானி அவர்களுடைய பழைய வேட்டை நிலத்துக்கே அழைத்துப் போனார். ஏழு வாரம். வேட்டையாடி, மீன் பிடித்து, கிழங்கு தோண்டிச் சாப்பிட்டார்கள். சராசரியாக 8 கிலோ குறைந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை ஏறக்குறையப் பாதியாக வந்தது. ஹவாய்த் தீவுகளில் வையானே என்ற ஊரில், டெர்ரி ஷின்டானி 20 பூர்வகுடியினருக்கு மூன்று வாரம் பழைய உணவைக் கொடுத்தார். சேப்பங்கிழங்குக் கூழ், சர்க்கரைவள்ளி, கீரை, மீன். அளவு கிடையாது, வயிறு நிறையச் சாப்பிடலாம். அந்த மக்களுக்குச் சேப்பங்கிழங்கு உடன்பிறந்த மூத்த அண்ணன் முறை, கூடி உட்கார்ந்துதான் உண்பார்கள். 21 நாளில் சராசரி 7.8 கிலோ குறைந்தது. பாரம்பரியம் பேசுகிறவர்கள் இந்த இரண்டு கதையையும் மேடைக்கு மேடை சொல்வார்கள். கதை நல்ல கதைதான். எட்டாவது வாரம் என்ன ஆகும் என்பதுதான் என் கேள்வி. வேட்டை நிலம் பண்ணையாகவும் சுரங்கமாகவும் வேறொருவர் கையில் இருக்கிறது. சேப்பங்கிழங்கு வயலுக்கு வேண்டிய ஓடையைக் கரும்புத் தோட்டம் குடித்துவிட்டது. வீட்டுக்குத் திரும்பினால் கடையில் மலிவாகக் கிடைப்பது மைதாவும் சோடாவும். உடம்பு மாறத் தயாராக இருக்கிறது என்பதை ஏழு வாரத்தில் நிரூபித்துவிட்டார்கள். நிலம் தயாராக இல்லை.

அதேபோல, ஒழுங்கான திட்டம் போட்டுச் செய்வதே வீண் என்றும் நான் சொல்ல வரவில்லை. 2002இல் முடிவு வந்த அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் 3,234 பேர் இருந்தார்கள், பழங்குடிகளும் உண்டு. உணவு, நடை, எடைக் குறைப்பு என்ற முறையால் புதிதாகச் சர்க்கரை வருவது 58 சதவீதம் குறைந்தது, எல்லா இனத்தவருக்கும். 1997இல் அமெரிக்க நாடாளுமன்றம் பழங்குடிகளுக்கென்று தனி நீரிழிவு நிதி ஒதுக்கியது. அந்தப் பணத்தில் 36 இடங்களில் அதே பாடத்தை 2,500க்கும் மேற்பட்டோருக்கு நடத்தினார்கள், கையில் எடுத்து நடத்தியவை பழங்குடிகளுக்கான சுகாதார அமைப்புகள். எடை இறங்கியது. அந்த நிதியால் இன்னொன்றும் நடந்தது. இரத்த அழுத்தத்துக்கும் சிறுநீரகத்துக்கும் மாத்திரை ஒழுங்காகக் கிடைத்தது, சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிப் போய்ப் பார்த்தார்கள். 1996க்கும் 2013க்கும் நடுவில், சர்க்கரையால் சிறுநீரகம் செயலிழப்பது பழங்குடிகளிடையே 54 சதவீதம் குறைந்தது. அதே காலத்தில் வேறெந்த இனத்திலும் இவ்வளவு குறையவில்லை. பண்பாடு பேசும் சில நண்பர்கள் மாத்திரையை இளப்பமாகப் பேசுகிறார்கள். டயாலிசிஸ் நாற்காலியில் வாரம் மூன்று நாள் உட்காருகிறவரைப் பார்த்த பிறகு அப்படிப் பேச வாய் வராது.

நம் ஆட்களே சிறுபான்மையாக வாழும் ஊருக்கு ஒரு நடை போய்வருவோம். மலேசியாவில் நடக்கும் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்புகளில் இனவாரியாகப் பார்த்தால் சர்க்கரை நோய் இந்தியர்களிடம்தான் அதிகம், அங்கே இந்தியர் என்றால் பெரும்பாலும் தமிழர். உடனே என்ன சொல்கிறார்கள்? சோறு, ரொட்டிச் சானாய், கெட்டிப் பால் ஊற்றிய தே தாரிக், கோயில் திருவிழாவில் சர்க்கரைப் பொங்கல். எல்லாம் உண்மை. ஆனால் 1980களிலும் 90களிலும் ரப்பர்த் தோட்டங்களை விற்று வீட்டுமனையாகவும் செம்பனைக் காடாகவும் மாற்றியபோது, தலைமுறைகளாக லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்த குடும்பங்கள் நகரத்து அடுக்குமாடிக்கும் புறம்போக்குக்கும் போனதைச் சேர்த்துச் சொல்வதில்லை. லயத்து வாழ்க்கையை நான் சொர்க்கம் என்று சொல்லவில்லை, கூலியும் கள்ளும் கங்காணியும் சேர்ந்த வாழ்க்கை அது. என்றாலும் விடியுமுன் எழுந்து மரம் சீவிக் காட்டில் நடந்த கால், லயத்துப் பின்னால் முருங்கையும் கீரையும் போட்ட கை, ஒரு மாடு. பதினைந்தாவது மாடியில் இதில் எதற்கும் இடமில்லை. பன்னிரண்டு மணி நேரப் பாதுகாவலர் வேலைக்குப் போகிறவருக்கு உட்கார்ந்தபடி குடிக்கத் தே தாரிக்தான் இருக்கிறது. அவரிடம் போய்ப் பண்பாட்டை மாற்று என்றால், எந்தப் பண்பாட்டை? அங்கே கோயில்தான் இன்னும் கூடும் இடம். அன்னதானச் சமையற்கட்டில் என்ன வேகிறது என்பதைக் கோயில் நிர்வாகத்துப் பெண்களே உட்கார்ந்து முடிவு செய்தால், எந்தத் துண்டறிக்கையும் தொடாத இடத்தை அது தொடும்.

கிலா ஆற்று மக்கள் சும்மா இருக்கவில்லை. நீதிமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் தலைமுறை தலைமுறையாக வழக்காடினார்கள். 2004இல் சட்டம் வந்தது. ஆண்டுக்கு 6,53,500 ஏக்கர் அடி தண்ணீர் அவர்களுடையது என்று எழுதிக் கொடுத்தது அமெரிக்க அரசு. ஒரு ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரம் தண்ணீர் நிறுத்தினால் அது ஒரு ஏக்கர் அடி. கணக்குப் போட்டுப் பாருங்கள். அதற்கும் முன்பே ஒரு காரியம் நடந்திருந்தது. அந்த மக்களின் பழைய பயறு டெப்பரி. நம் காராமணியைவிடச் சின்னது, வெள்ளையும் பழுப்புமாக இருக்கும், பாலைவன வெயிலில் ஒன்றிரண்டு மழைக்கே காய்த்துவிடும். மெதுவாகச் செரிக்கும், சர்க்கரையைச் சட்டென்று ஏற்றாது என்று 1990இல் சோதனை செய்து காட்டினார்கள். அது ஊரில் அநேகமாக வழக்கொழிந்துபோன நிலையில், 1970களின் கடைசியில் ரமோனா பட்டன் என்ற பிமாப் பெண் தான் வளர்ந்த பழைய மண்வீட்டில் ஒரு பெட்டியைத் திறந்தார். அவருடைய அப்பா சில கண்ணாடி ஜாடிகளில் டெப்பரி விதையைப் போட்டு மூடி வைத்துவிட்டுப் போயிருந்தார். அந்த விதையைத்தான் அவரும் அவர் கணவரும் விதைத்துப் பெருக்கினார்கள். இன்று அது பண்ணையாகி, விற்பனைக்கும் வருகிறது. ஜாடி மட்டும் இருந்து தண்ணீர் இல்லையென்றாலும் பயனில்லை. தண்ணீர் வந்து ஜாடி இல்லையென்றால் அந்த நிலத்தில் பருத்தியும் குதிரை மசாலும்தான் விளையும். இதனால் சர்க்கரை நோய் ஒழிந்துவிட்டதா என்றால் இல்லை. தாய்க்குச் சர்க்கரை இருக்கும்போது வயிற்றில் வளர்ந்த பிள்ளைக்கு அது சீக்கிரம் வரும் என்பதைக் கண்டுபிடித்ததும் இதே ஊரில்தான். நூறு ஆண்டு செய்த வேலையைப் பத்து இருபது ஆண்டில் அவிழ்க்க முடியாது.

கடைசியாக, இங்கே இருக்கும் மாணவர்களில் சிலர் அடுத்த மாதம் மலைக் கிராமங்களுக்குச் சிறுதானிய விழிப்புணர்வு முகாமுக்குப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். சாமையும் தினையும் காலங்காலமாக விளைவித்த மலைவாசிகளுக்குச் சமவெளியிலிருந்து போய்ச் சிறுதானியத்தின் பெருமையை எடுத்துச் சொல்லப் போகிறோம்! தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவில் சிட்டிலிங்கி இருக்கிறது. 1993இல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற மருத்துவத் தம்பதி அங்கே ஒரு குடிசையில் சிகிச்சை தொடங்கினார்கள். அந்த ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து மருத்துவமனையை நடத்தும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு, ஊர் எதை விளைவிக்கிறது எதை உண்கிறது என்று பார்த்து இயற்கை விவசாயச் சங்கம் கட்டும் வேலைக்குப் போனார்கள். மருத்துவர் வயலுக்குப் போன கதை அது. நேரமிருந்தால் முகாமுக்கு முன்னால் ஒருநாள் அங்கே போய் அந்தச் சுகாதாரப் பெண்களோடு உட்கார்ந்து வாருங்கள்.

மலையில் சிறுதானியத்தின் இடத்தைப் பிடித்த ரேஷன் அரிசியை நான் குறை சொல்லவில்லை. அங்கே பட்டினிச் சாவு இல்லாமல் போனதற்கு அது ஒரு காரணம். அரிசி இலவசமாக வரும்போது சாமையை உரலில் இட்டுக் குத்திக்கொண்டிருக்க யாருக்கும் தெம்பு இருக்காது, அதுவும் நியாயம். சாமை குத்துவது பெண்கள் தலையில் விழும் வேலை என்பதைப் பாரம்பரியம் பேசும் ஆண்கள் லேசாக மறந்துவிடுவார்கள். 2023 மே மாதத்தில் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் அட்டைக்கு 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். நல்ல தொடக்கம். முகாமில் நீங்கள் கேழ்வரகில் எவ்வளவு கால்சியம் என்று விளக்குவதற்கு முன்னால், சில விஷயங்களைக் கேட்டு எழுதி வாருங்கள். அந்தக் கேழ்வரகு எந்த மலையில், யார் வயலில் விளைந்தது? என்ன விலைக்கு எடுத்தார்கள்? அதை அரைக்க மாவு மில் எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது? சாமைக்கு உமி நீக்கும் இயந்திரம் ஊருக்குள் இருக்கிறதா, அதன் சாவி யாரிடம் இருக்கிறது? கொண்டுவந்தால் அடுத்த கூட்டத்தில் அதை வைத்தே பேசலாம்.